பனிக்கால இரவில் ஒரு குவளை கொக்கோப் பால்



நீலகிரி மலையில் ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் வானம் தெளிந்துவிடும். தெளிந்த வானம் இங்கே குளிரின் முன்னறிவிப்பு. மேகப் போர்வை விலகிய இரவுகளில் நிலத்தின் வெப்பம் தடையின்றி மேலே போய்விடுவதால், முதலில் நீர்ப்பனியும், பின்னர் மார்கழி, தை மாதங்களில் உறைபனியும் விழும். உதகை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஸுப்ஹுத் தொழுகைக்குப் புறப்படும் நேரத்தில் தலைகுந்தா, காந்தல் பகுதிகளின் புல்வெளிகள் உப்பைப் பரப்பி வைத்தாற்போல் வெளுத்துக் கிடக்கும். பள்ளிவாசல் ஹவுளில் கை வைத்தால் விரல்கள் மரத்துப்போகும்.

இந்தக் குளிருக்கு மார்க்கத்தில் ஓர் இடம் உண்டு. சிரமமான வேளைகளிலும் உளூவை நிறைவாகச் செய்வது பாவங்களை அழித்துத் தகுதிகளை உயர்த்தும் செயல்களுள் ஒன்று என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறிய ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. குளிர்காலத்தை இறைநம்பிக்கையாளரின் வசந்த காலத்திற்கு ஒப்பிடும் ஓர் அறிவிப்பு முஸ்னத் அஹ்மதில் உள்ளது. அதன் அறிவிப்பாளர் தொடரைப் பற்றி ஹதீஸ்கலை அறிஞர்களிடையே பேச்சு இருப்பினும், அதன் பொருளை முன்னோர்கள் வாழ்ந்து காட்டினார்கள். இரவு நீண்டிருப்பதால் தஹஜ்ஜுதுக்கு எழுவது எளிது. பகல் குறுகியிருப்பதால் நோன்பு நோற்பதும் எளிது. ரமளானில் விடுபட்ட நோன்புகளைப் பெண்கள் களாச் செய்து முடிப்பதும் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான்.

எங்கள் இல்லத்தில் குளிர்காலத்தின் திங்கள், வியாழன் நோன்புகளை ஒட்டி ஒரு சிறிய வழக்கம் இருக்கிறது. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் மக்தப் பிள்ளைகள் ஓதி முடித்துச் சென்றபின், இஷாத் தொழுதுவிட்டு வீடு திரும்பி, ஏலமும் பட்டையும் சுக்கும் சேர்த்துக் கொக்கோப் பால் காய்ச்சுவோம். அதைக் காய்ச்சும் பொறுப்பு வீட்டு ஆண்களுடையது. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, தம் குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்பட்டுவிடுவார்கள் என்ற பொருளில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் விடையளித்தது ஸஹீஹ் புகாரியில் உள்ளது. இந்த ஹதீஸைப் பிள்ளைகளுக்குப் பாடமாக நடத்துகிறோம். நோன்பு நோற்ற பெண்கள் இரவு உணவையும் சமைத்து முடித்துக் கம்பளிக்குள் கால்களை ஒடுக்கி அமர்ந்திருக்கும் வேளையில், அடுப்படிக்கு எழுந்து போவதுதான் அந்தப் பாடத்திற்கு நாங்கள் அளிக்கும் எளிய விளக்கவுரை.

காய்ச்சும் முறை

நான்கு பேருக்குத் தண்ணீர் 200 மில்லி, பால் 600 மில்லி, இனிப்புச் சேர்க்காத கொக்கோத் தூள் 4 தேக்கரண்டி, விரல் நீளத்தில் பாதியளவு பட்டை, ஏலக்காய் 3, கிராம்பு 2, மிளகு 4, சுக்குத்தூள் கால் தேக்கரண்டி, கருப்பட்டி 60 கிராம், ஒரு சிட்டிகை உப்பு.

கருப்பட்டியைச் சிறிது நீரில் கரைத்து, மண் போக வடிகட்டித் தனியே வைத்துக்கொள்ள வேண்டும். ஏலம், கிராம்பு, மிளகு ஆகியவற்றை ஒன்றிரண்டாகத் தட்டி, பட்டையோடும் சுக்கோடும் தண்ணீரில் இட்டுக் கொதிக்கவிட வேண்டும். இந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. சமவெளியில் ஐந்து நிமிடத்தில் இறங்கும் சாறு இங்கே இறங்கப் பத்து நிமிடமாவது ஆகும். அவசரப்பட்டால் பட்டையின் மணம் பட்டையிலேயே தங்கிவிடும்.

கொக்கோத் தூளை நேரடியாகக் கொதிக்கும் பாலில் கொட்டினால் கட்டி தட்டும். ஒரு கிண்ணத்தில் தூளோடு உப்பையும் சேர்த்து, வெதுவெதுப்பான நீரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் குழைத்துக் கூழாக்கிக்கொள்ள வேண்டும். சாறு இறங்கியதும் பாலை ஊற்றி, பொங்கி வரும்போது தீயைத் தணித்து, கொக்கோக் கூழைச் சேர்த்து மூன்று நான்கு நிமிடம் கிளற வேண்டும். அடுப்பை அணைத்து, ஒரு நிமிடம் கழித்துக் கருப்பட்டிக் கரைசலைச் சேர்ப்பது நல்லது. கொதிக்கும் பாலில் கருப்பட்டியைச் சேர்த்தால் பால் திரிந்துவிடக்கூடும். சுக்குக்குப் பதிலாகப் பச்சை இஞ்சியைப் பயன்படுத்துவோரும் அதைத் தண்ணீரிலேயே நன்கு கொதிக்கவைத்த பிறகுதான் பாலை ஊற்ற வேண்டும், காரணம் அதேதான்.

வடிகட்டியபின் இரண்டு பாத்திரங்களுக்கிடையே தேநீரை ஆற்றுவது போல் உயர்த்தி ஆற்றினால் நுரை எழும். கொக்கோவைப் பானமாக்கிக் குடித்த மத்திய அமெரிக்கத் தொல்குடிகளான மாயர்களும் அஸ்டெக்குகளும் பெரும்பாலும் இனிப்பின்றி, மிளகாய் முதலியவற்றைச் சேர்த்து, ஒரு கலத்திலிருந்து மறு கலத்திற்கு உயரத்திலிருந்து ஊற்றித்தான் நுரை வரவழைத்தார்கள். நம் தேநீர்க் கடைகளில் நாள்தோறும் நடப்பது கடலுக்கு அப்பால் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கிறது.

ஆற்றுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. குடிக்கும் கலத்தில் ஊதுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி திர்மிதியிலும் அபூதாவூதிலும் இடம்பெற்றுள்ளது. ஆற்றிய பானத்தை ஊதவேண்டிய தேவை இராது. வீட்டிலுள்ள சிறு பிள்ளை குவளையை ஊதுவதற்கு உதட்டைக் குவிக்கும்போது, “கொஞ்சம் பொறு, ஆறட்டும்” என்று சொல்லிக் கையிலிருக்கும் குவளையை ஆற்றிக்கொடுப்பது நீண்ட அறிவுரையைவிட எளிதாகப் பதிகிறது.

இஞ்சி இடம்பெறும் அத்தியாயம்

இந்தப் பானத்தில் சுக்கு கால் தேக்கரண்டிதான். ஆயினும் எங்கள் பேச்சு பெரும்பாலும் அதைச் சுற்றியே அமைகிறது. காரணம், குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்ட மணப்பொருள்களுள் ஒன்று இஞ்சி. 76ஆம் அத்தியாயமான ஸூரத்துல் இன்ஸானின் 17ஆம் வசனத்தில், சுவனவாசிகளுக்குப் புகட்டப்படும் பானத்தின் கலவையாக ஸன்ஜபீல் வருகிறது. இந்தச் சொல்லுக்கும் நம் தமிழுக்கும் உறவு இருப்பதாக மொழியியல் அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். பாலி மொழியின் சிங்கிவேர என்னும் சொல் தென்னாட்டு ‘இஞ்சி’, ‘வேர்’ ஆகிய சொற்களோடு தொடர்புடையது என்றும், அதுவே மேற்கு நோக்கிப் பயணம் செய்து பல மொழிகளில் உருமாறியது என்றும் அவர்கள் காட்டுகிறார்கள். மேற்குக் கடற்கரையிலிருந்து அரபு நாடுகளுக்கு மரக்கலமேறிய சரக்குகளுள் இஞ்சியும் ஒன்றாக இருந்ததை எண்ணினால் இதில் வியப்பில்லை.

வியாழன் இரவு இந்தப் பானத்தைக் குடித்துவிட்டு உறங்கினால், மறுநாள் விடிவது வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை ஸுப்ஹுத் தொழுகையில் ஸூரத்துஸ் ஸஜ்தாவையும் ஸூரத்துல் இன்ஸானையும் ஓதுவது நபிவழி. உறைபனி விழுந்த அதிகாலையில், இமாமுக்குப் பின்னால் காலுறையோடு நின்று அந்த ஸூராவைச் செவியேற்கும்போது, முன்பு கவனத்தில் தங்காத ஒரு வரிசை தெளிவாகப் புலப்படும். 13ஆம் வசனத்தில், சுவனவாசிகள் அங்கே கடும் வெயிலையும் காணமாட்டார்கள், ஸம்ஹரீர் என்னும் கடுங்குளிரையும் காணமாட்டார்கள் என்று வருகிறது. 17ஆம் வசனத்தில் இஞ்சி கலந்த பானம் வருகிறது. இவை யாருக்கு என்னும் விடை இவற்றுக்கு முன்பே, 8ஆம் வசனத்தில் வந்துவிடுகிறது: உணவின்மீது தமக்கே விருப்பம் இருந்தும் அதை ஏழைக்கும் அநாதைக்கும் கைதிக்கும் அளித்தவர்களுக்கு.

குளிர் நீங்குவதும் இஞ்சிப் பானமும் பிறருக்கு உணவளித்ததன் பின்னால்தான் வருகின்றன. கொடுத்தவர்கள் கைம்மாறோ நன்றியோ எதிர்பார்க்கவில்லை என்பதை அடுத்த வசனம் சேர்த்துச் சொல்கிறது. எங்கள் குவளையை நாங்கள் பார்க்கும் பார்வையை இந்த வரிசை மெல்ல மாற்றியது.

கலப்பதும் தவிர்ப்பதும்

ஹலால் பற்றி நம் சகோதரிகள் அடிக்கடி கேட்பவற்றை இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். தூய கொக்கோத் தூளில் ஐயத்திற்கு இடமில்லை. ஐயம் எழுவது உடன் சேரும் பொருள்களில்தான். உதகைக் கடைவீதிகளில் ‘ஹோம்மேட் சாக்லேட்’ என்று விற்கப்படுபவற்றுள் ரம் முதலான மது சேர்த்தவையும் சில இடங்களில் உண்டு. கேட்டு வாங்க வேண்டும். உணவுப் பொட்டலங்களில் உள்ள பச்சைப் புள்ளி, அதில் விலங்குக் கொழுப்போ ஜெலட்டினோ இல்லை என்பதற்கு அடையாளம். மது இல்லை என்பதற்கு அது சான்றாகாது. மேலே மிதக்கவிடும் மார்ஷ்மெல்லோ பெரும்பாலும் ஜெலட்டினால் ஆனது. அந்த ஜெலட்டின் எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பதைப் பார்த்தாக வேண்டும். வனிலா எசன்ஸ் வகைகளில் ஆல்கஹாலைக் கரைப்பானாகக் கொண்டவை உள்ளன. ஏலக்காய் இருக்கும் வீட்டில் வனிலாவுக்குத் தேவை இல்லை என்பது எங்கள் எண்ணம்.

ஜாதிக்காயையும் நாங்கள் சேர்ப்பதில்லை. குன்னூர் மலைச்சரிவின் கீழே பர்லியாறு தோட்டங்களில் விளைவதால் அது இங்கே எளிதில் கிடைக்கும், மணமும் பொருந்தும். ஆனால் அதிக அளவில் உட்கொண்டால் மதியை மயக்கும் தன்மை அதற்கு உண்டு என்பதால் ஃபிக்ஹு அறிஞர்கள் அதை விவாதித்துள்ளார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் இப்னு ஹஜர் அல்ஹைதமி (ரஹ்) அவர்கள் அதைக் கண்டித்து எழுதியுள்ளார்கள். மயக்கம் தராத சிறிதளவை உணவில் அனுமதித்த அறிஞர்களும் உளர். சேர்ப்பவரை நாங்கள் குறை கூறுவதில்லை. ஒரு குவளைப் பாலுக்காகக் கருத்து வேறுபாட்டுக்குள் நுழைய வேண்டியதில்லை என்று விட்டுவிட்டோம்.

இன்னொரு செய்தியைப் பிள்ளைகள் விரும்பிக் கேட்பார்கள். கொக்கோ மரத்துக்கு 1753இல் லின்னேயஸ் இட்ட அறிவியல் பெயர் தியோப்ரோமா. அதற்குத் ‘தெய்வங்களின் உணவு’ என்று பொருள். எங்கள் மக்தபில் ஒரு சிறுவன் இதைக் கேட்டுவிட்டு, “அல்லாஹ்தான் சாப்பிடமாட்டானே, ஹஜ்ரத், அவன் நமக்குக் கொடுத்ததல்லவா?” என்றான். குல்ஹுவல்லாஹு ஸூராவின் ‘ஸமத்’ என்னும் சொல்லுக்கு ஒரு பாடவேளை முழுவதும் நாங்கள் விளக்கியதை அவன் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டான்.

ஒரு சிறுமியின் கேள்வி

ஹலால் என்பதோடு தய்யிப் என்ற சொல்லையும் குர்ஆன் சேர்த்தே சொல்கிறது. ஸூரத்துல் பகராவின் 168ஆம் வசனம் மனிதகுலம் முழுவதையும் விளித்து, பூமியில் உள்ளவற்றில் ஆகுமானதையும் தூயதையும் உண்ணச் சொல்கிறது. இந்த வசனத்தை மக்தபில் நடத்திய ஒரு டிசம்பர் மாலையில், பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மாணவர் ஒருவர், தாம் செய்தித்தாளில் படித்ததை எடுத்துச் சொன்னார். உலகின் கொக்கோவில் பாதிக்கும் மேல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரு நாடுகளிலிருந்து வருகிறது என்றும், அங்கே கொக்கோத் தோட்டங்களில் சிறுவர்கள் வேலை செய்கிறார்கள் என்றும் அவர் கூறினார்.

அவர் சொன்னது உண்மையே. குழந்தை உழைப்பின் மிகக் கொடிய வடிவங்களை 2005ஆம் ஆண்டுக்குள் ஒழிப்பதாகப் பெரும் சாக்லேட் நிறுவனங்கள் 2001இல் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. கெடு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. 2020இல் வெளியான சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வு நிறுவனத்தின் அறிக்கை, அந்த இரு நாடுகளின் கொக்கோ விளையும் பகுதிகளில் ஏறத்தாழ 15.6 இலட்சம் சிறுவர் சிறுமியர் குழந்தைத் தொழிலில் இருப்பதாக மதிப்பிட்டது. வெட்டுக்கத்தியால் காய்களை வெட்டுவதும் அளவுக்கு மீறிய சுமை தூக்குவதும் பூச்சிமருந்துக்கு ஆளாவதும் அவர்களில் மிகப் பலருக்கு நேர்கின்றன. பெரும்பாலோர் தம் குடும்பத்துத் தோட்டங்களிலேயே உழைக்கிறார்கள். கூலியாள் வைக்க வழியில்லாத வறுமையே அதற்குக் காரணம். ஐவரி கோஸ்டின் மக்களுள் பெரும் பகுதியினர் முஸ்லிம்கள் என்பதையும், அண்டை நாடுகளான புர்கினா ஃபாஸோ, மாலி ஆகியவற்றிலிருந்து பிழைப்புத் தேடி அங்கு வருவோருள்ளும் முஸ்லிம்கள் ஏராளம் என்பதையும் நாங்கள் வகுப்பில் சேர்த்துச் சொன்னோம்.

பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, குர்ஆனை மடியில் மூடிவைத்துக்கொண்டு கேட்டாள்: “அப்படியென்றால் அந்தப் பிள்ளைகள் எப்போது ஓதப் போவார்கள், ஹஜ்ரத்?”

அந்தக் கேள்விக்கு விடையாகச் சொல்ல ஃபிக்ஹு நூல்களில் ஒரு சட்டம் இருக்கிறது. பொருள்களின் அடிப்படை நிலை ஆகுமாக்கப்பட்டது என்பதே; விற்பவனின் குற்றத்தால் சந்தையில் வாங்கப்பட்ட தூய பொருள் ஹராமாகிவிடாது. அதை மாணவர்களுக்குத் தெளிவாகச் சொன்னோம். நாவுக்கு வந்தபடி இது ஹலால், இது ஹராம் என்று கூறுவதை ஸூரத்துந் நஹ்லின் 116ஆம் வசனம் கடுமையாக எச்சரிக்கிறது. மார்க்கக் கல்வி பயின்றவர்கள் தம் மன வருத்தத்தைச் சட்டமாக்கி மக்கள்மீது சுமத்த உரிமை பெற்றவர்கள் அல்லர். ஆனால் சட்டத்தைச் சொல்லி முடித்த பின்னும் அந்தச் சிறுமியின் கேள்வி அப்படியே இருந்தது. அவள் சட்டம் கேட்கவில்லை. அந்தப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டாள்.

அன்றிரவு வீட்டில் இதுவே பேச்சாக இருந்தது. கொக்கோவை அறவே விட்டுவிடலாம் என்றார் மூத்த மகன். வீட்டார் அதை ஏற்கவில்லை. “எல்லாரும் வாங்காமல் விட்டால் அந்த வீடுகளில் அடுப்பே எரியாதே, அப்போது அந்தப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?” என்று அவர்கள் கேட்டார்கள். இரண்டிலும் நியாயம் இருந்தது. வேலையாளை முழுமையாக வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் கூறும் ஹதீஸ் குத்ஸீ ஸஹீஹ் புகாரியில் உண்டு. கடைசிக் குவளையைக் குடிப்பவருக்கு அந்த வழக்கில் என்ன பங்கு என்பதை அல்லாஹ்வே அறிவான். எங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் எதைச் செய்ய இயலுமோ அதைச் செய்வது என்று முடிவு செய்தோம்.

ஆனைமலையிலிருந்து ஒரு கிலோ கொட்டை

பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதிகளின் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கொக்கோ வளர்க்கிறார்கள். தென்னையின் நிழல் அதற்கு ஏற்றது. எங்கள் உறவினர் வீட்டுக்குச் சென்றபோது அங்குள்ள தோப்பு ஒன்றைப் போய்ப் பார்த்தோம். காய்கள் கிளை நுனியில் தொங்காமல் பலாவைப் போல் தண்டிலேயே ஒட்டிக் காய்க்கின்றன. உள்ளிருக்கும் கொட்டை வெட்டுப்படக் கூடாது என்பதற்காகக் கத்தியைத் தவிர்த்து மரக்கட்டையால் தட்டி உடைத்துக்கொண்டிருந்தார்கள். வெண்ணிறச் சதையோடு கொட்டைகளைப் பெட்டியில் இட்டு, சாக்கால் மூடி, இடையிடையே கிளறிவிட்டு, ஆறேழு நாள் புளிக்கவைத்தபின் வெயிலில் காயவைக்கிறார்கள். இந்தப் புளிப்பு ஏறவில்லை என்றால் சாக்லேட்டின் மணமே பிறக்காது என்றார் தோப்புக்காரர். வேலை செய்தவர்கள் அக்கம்பக்கத்துப் பெண்கள். மாலையில் அன்றைய கூலி அன்றே அவர்கள் கைக்குப் போனதைப் பார்த்தோம். வியர்வை உலரும் முன்பே கூலியைக் கொடுக்கச் சொல்லும் இப்னு மாஜா ஹதீஸின் நினைவு வந்தது. ஒரு கிலோ கொட்டை வாங்கி வந்தோம்.

அதை வீட்டில் பக்குவப்படுத்துவது உழைப்பு மிகுந்த வேலை. இரும்புச் சட்டியில் சிறு தீயில் இருபது நிமிடத்திற்குக் குறையாமல் கிளறி வறுக்க வேண்டும். முதலில் புளித்த வாடை எழும். அது அடங்கி, மெல்ல மெல்லச் சாக்லேட் மணம் வீடு முழுவதும் பரவும். தோல் வெடிக்கத் தொடங்கும்போது இறக்கி, ஆறவைத்து, உரித்து, முறத்தில் புடைத்தால் கரும்பழுப்புப் பருப்பு மிஞ்சும். மிக்ஸியில் விட்டுவிட்டு அரைத்தால் முதலில் பொடியாகும். சூடேறியதும் தன் கொழுப்பிலேயே குழைந்து விழுதாகிவிடும். கொக்கோப் பருப்பில் பாதியளவு கொழுப்புதான். அதைப் பிழிந்தெடுக்கும் இயந்திரமுறை 1828இல் ஹாலந்தின் வான் ஹௌட்டன் குடும்பத்தார் வழியாக வந்த பிறகே இன்றைய தூள் உருவானது. ஆகவே இந்த விழுதில் காய்ச்சிய பாலின்மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் மிதக்கும். கசப்பும் கூடுதல். கருப்பட்டி சற்று மிகுதியாகத் தேவைப்படும்.

செலவும் உழைப்பும் கூடியதால், முன்பு நினைத்த போதெல்லாம் காய்ச்சியது இப்போது திங்கள், வியாழன் என வாரம் இரு இரவுகளாகச் சுருங்கிவிட்டது. அதனால் அதன் மதிப்பு கூடியிருக்கிறது. காய்ச்சாத இரவுகளின் பால் காசைப் பிள்ளைகள் அலமாரியில் உள்ள ஒரு தகர டப்பாவில் போடுகிறார்கள். இங்கே தேயிலைத் தோட்டத்துக் குடியிருப்புகளிலிருந்து வரும் பிள்ளைகள் சிலர் மெல்லிய சட்டையோடு நடுங்கிக்கொண்டே ஓதுவதைப் பார்க்கிறோம். டப்பாவில் சேர்ந்த தொகையில் அந்தப் பனிக்காலத்தில் இரண்டு கம்பளிச் சட்டைகள் வாங்க முடிந்தது. ஐவரி கோஸ்டின் சிறுவனுக்கு இதனால் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதை நாங்கள் அறிவோம். அவனுக்காகத் தஹஜ்ஜுதில் துஆச் செய்கிறோம். கேள்வி கேட்ட சிறுமி, தன் துஆவில் அவனை ‘கொக்கோத் தோட்டத்து அண்ணன்’ என்று குறிப்பிடுவதாக அவளுடைய தாயார் சொன்னார்.

வலப்புறத்தில் இருப்பவருக்கு முதலில்

எங்கள் அடுத்த வீட்டில் எழுபது வயதைக் கடந்த ஒரு பாட்டி இருக்கிறார். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, நீலகிரித் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர். நம் சமயத்தைச் சேர்ந்தவர் அல்லர். ஸூரத்துந் நிஸாவின் 36ஆம் வசனம் அண்டை வீட்டாருக்கு நன்மை செய்யச் சொல்லும்போது உறவினரான அண்டை வீட்டாரோடு அந்நியரான அண்டை வீட்டாரையும் சேர்த்தே சொல்கிறது. குழம்பு காய்ச்சினால் தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டாரைக் கவனிக்குமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் உபதேசித்தது ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. ஆகவே முதல் குவளை மூடியிட்டு அந்த வீட்டுக்குப் போகும். எடுத்துச் செல்வது இளைய மகள்.

முதல் முறை குடித்துவிட்டுப் பாட்டி சொல்லியனுப்பிய செய்தி: “பட்டை சரியில்லை என்று அத்தாவிடம் சொல், பிள்ளை. இது தடிப்பட்டை. சிலோன் கறுவா வாங்கச் சொல்.” மறுநாள் அவரே ஒரு துண்டைக் கொடுத்தனுப்பினார். கடையில் மலிவாகக் கிடைக்கும் பட்டை தடித்து, ஒரே சுருளாக, உறைப்பாக இருக்கும். இலங்கைக் கறுவா காகிதம் போல் மெல்லிய அடுக்குகளாகச் சுருண்டு, கையால் நொறுக்கும் பதத்தில், இதமான மணத்தோடு இருக்கும். அன்றிலிருந்து எங்கள் வீட்டிலும் அதன் பெயர் கறுவாதான். கொடுத்த வீட்டிலிருந்தே எங்களுக்குக் கற்பிக்கவும் ஒருவர் கிடைத்தார், அல்ஹம்துலில்லாஹ்.

வீட்டுக்குள் பரிமாறுவதற்கு நபிவழி தெளிவான வரிசையைக் காட்டுகிறது. அனஸ் (ரலி) அவர்களின் இல்லத்தில் நபி (ஸல்) அவர்களுக்குக் கிணற்று நீர் கலந்த பால் கொடுக்கப்பட்டபோது, இடப்புறம் அபூபக்ர் (ரலி) அவர்களும் வலப்புறம் ஒரு கிராமவாசியும் இருந்தார்கள். குடித்தபின் நபியவர்கள் கிண்ணத்தை வலப்புறம் இருந்த அந்தக் கிராமவாசிக்கே கொடுத்தார்கள். பரிமாறுபவர் கடைசியில் குடிப்பது என்பதும் ஸஹீஹ் முஸ்லிமில் வந்துள்ள ஒழுக்கம். பசியோடிருந்த அபூஹுரைரா (ரலி) அவர்கள் ஒரே கிண்ணப் பாலைத் திண்ணைத் தோழர்கள் அனைவருக்கும் தம் கையாலேயே பரிமாறி முடித்தபின் தாம் வயிறாரக் குடித்ததும், எஞ்சியதை எல்லாருக்கும் கடைசியாக நபி (ஸல்) அவர்கள் அருந்தியதும் புகாரியில் விரிவாக உள்ளது. இந்த நிகழ்ச்சியைப் பிள்ளைகளுக்கு எத்தனை முறை சொன்னாலும் சலிப்பதில்லை. காய்ச்சியவரின் பங்கு பாத்திரத்தின் அடியில் நிற்கும் வண்டல் கலந்த அரைக் குவளைதான். மணம் முழுவதும் அதில்தான் இறங்கியிருக்கிறது என்று மூத்த மகன் வாதாடுகிறார்.

பிஸ்மில்லாஹ் சொல்லி, அமர்ந்து, வலக்கையால் எடுத்து, மூன்று மிடறுகளாக மூச்சை வெளியே விட்டுக் குடிப்பதும், முடிவில் அல்லாஹ்வைப் புகழ்வதும் நாம் எல்லாரும் அறிந்தவை. இஷாவுக்குப் பின் வீண்பேச்சில் இரவைக் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. குடும்பத்தாரோடு அன்பாகப் பேசுவதையும் கல்வி பற்றிப் பேசுவதையும் அறிஞர்கள் அதிலிருந்து விலக்கியிருக்கிறார்கள். எனவே குவளை காலியாகும் வரை பேச்சு; பிறகு பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உறக்கம். கைப்பேசிகள் அந்த அரைமணி நேரமும் வேறு அறையில் இருக்கும்.

குளிர்காலம் சில வாரங்களில் கழிந்துவிடும். மாசி வெயில் ஏறியதும் கம்பளிகள் பெட்டிக்குள் போய்விடும். கொக்கோ விழுதின் புட்டியும் காலியாகிவிடும். இந்த நாள்களில் உங்கள் இல்லத்தில் சுக்குக் காப்பியோ, மசாலாத் தேநீரோ, கொக்கோப் பாலோ எதைக் காய்ச்சினாலும் ஒரு குவளை கூடுதலாகக் காய்ச்சுங்கள். அது யாருக்குரியது என்பதை இரவுக் காவலாளியோ, அடுத்த வீட்டு முதியவரோ, நோன்பு துறந்து களைத்திருக்கும் உங்கள் வீட்டாரோ உங்களுக்கு நினைவூட்டுவார்கள்.

யா அல்லாஹ்! எங்கள் உணவையும் பானத்தையும் ஹலாலானதாகவும் தய்யிபானதாகவும் ஆக்குவாயாக. கூலி மறுக்கப்பட்டவர்களுக்கும், விளையாடவும் ஓதவும் வேண்டிய வயதில் சுமை தூக்கும் பிள்ளைகளுக்கும் நீயே பொறுப்பாளனாக இருப்பாயாக. உன் முகத்திற்காக உணவளித்தவர்களின் கூட்டத்தில் எங்களையும் சேர்த்து, கடுங்குளிரும் கடும் வெயிலும் இல்லாத அந்த இல்லத்தில் ஸல்ஸபீல் ஊற்றிலிருந்து எங்களுக்கும் எங்கள் பெற்றோருக்கும் புகட்டுவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.